ஆண்டின் மிகத் திருப்தியான நோயாளி

காலை ஆறு மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். முகம் மழித்தேன். அடுப்பில் தண்ணீர் வைத்தேன், கொதித்தது, அணைத்தேன். இரண்டு ரொட்டித் துண்டுகளைச் சுட்டுத் தின்றேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன், முன்பக்கத்துக்கு மட்டும். முதுகை யாரும் பார்ப்பதில்லை. ஆறு மாதமாக இப்படித்தான்.

ஏழரைக்குக் கீழே இறங்கித் தபால் பெட்டியைத் திறந்தேன். பல் மருத்துவமனை விளம்பரம் ஒன்றும் கனத்த உறை ஒன்றும் இருந்தன. உறையின் மேல் என் மனைவியின் பெயர். உள்ளே தங்க நிற எழுத்தில் ஒரு கடிதம்.

"அன்புடையீர், எங்கள் மருத்துவமனையின் 'ஆண்டின் மிகத் திருப்தியான நோயாளி'யாகத் தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். விழாவுக்குத் தாங்கள் நேரில் வந்து கேடயத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வர இயலாவிட்டால் தகுந்த காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும். தங்கள் தொடர்ந்த ஆதரவை எதிர்நோக்குகிறோம்."

என் மனைவி அந்த மருத்துவமனையில்தான் இறந்தாள். வயிற்றுவலிக்கு, குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை. கால் மணி நேர வேலை என்றார்கள். நான் வெளியே அவள் கைப்பையையும் செருப்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சு நின்றுவிட்டது என்று ஒருவர் வந்து சொன்னார். அவர் பேசிய ஒரு நிமிடத்தில் 'எதிர்பாராத' என்ற சொல் நான்கு முறை வந்தது.

கடிதத்தோடு ஒரு மாதிரித் தாள் இருந்தது. கேடயத்தில் பொறிக்கப்போகும் வாசகம். "பத்துக்குப் பத்து! இத்தகைய உன்னதச் சேவையை என் வாழ்நாளில் கண்டதில்லை." அதன் கீழே சின்ன எழுத்தில்: மயக்கத்துக்கு முன் நோயாளி இறுதியாகக் கூறியது.

படிக்கட்டில் நின்று மூன்று முறை படித்தேன். என் மனைவி பள்ளி வேன் ஓட்டியவள். அவள் வண்டியில் யாராவது 'இத்தகைய உன்னத' என்று ஆரம்பித்தால் ஓரமாக நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டிருப்பாள்.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று இதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றியது.

மச்சானுக்குப் போன் செய்தேன். அவளுடைய அண்ணன்.

"கேடயமா? பித்தளையா, கண்ணாடியா மாப்ளே?"

"தெரியல."

"ஸ்கூல்ல ஓட்டப்பந்தயத்துலகூட அவ கடைசி. வாழ்க்கையில முதல் தடவையா ஜெயிச்சிருக்கா. அதுவும் எதுல போய் ஜெயிச்சிருக்கா பாருங்க."

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று போனில் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் வந்து நின்றார். இருவரும் மருத்துவமனைக்குப் போனோம்.

நான் லிஃப்ட் சோதிக்கும் வேலை பார்ப்பவன். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கண் முதலில் லிஃப்டுக்குத்தான் போகும். அன்று பார்க்க முடியவில்லை. லிஃப்டை மறைத்துக்கொண்டு இரண்டு ஆள் உயரத்துக்கு என் மனைவி நின்றிருந்தாள். ஓட்டுநர் உரிமத்தில் இருந்த படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். போட்டோ எடுத்தவனை அடிக்கப் போகிற முகம். அதன் கீழே 'திருப்தியின் முகம்' என்று எழுதியிருந்தது.

"நான் அவ வேனை இடிச்ச அன்னைக்கு என்னை இப்படித்தான் பார்த்தா," என்றார் மச்சான். "இதே திருப்தி."

திருப்திப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. திருப்தி அதிகாரி நீல டை கட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

"வாழ்த்துகள் சார். உங்க மேடம் இருபத்திரண்டு கேள்விக்கும் பத்துக்குப் பத்து. இந்த ஆஸ்பத்திரி வரலாற்றுலயே முதல் தடவை."

"இந்த வாசகம் அவ சொன்னது இல்ல. திருத்தணும்."

"தாராளமா திருத்தலாம். சொன்னவங்க நேர்ல வந்து ஒரு கையெழுத்துப் போட்டா அஞ்சு நிமிஷ வேலை."

"அவ இறந்துட்டா."

அவர் கணினியைப் பார்த்தார். எதையோ தட்டினார். மறுபடி பார்த்தார்.

"எங்க ரெக்கார்டுல அவங்க திருப்தியா இருக்காங்க சார்."

"இறந்தது உங்க ஆஸ்பத்திரியிலதான்."

"இறப்பு ரெண்டாவது மாடி. நாங்க மூணாவது மாடி. ஒருத்தர் விஷயத்துல ஒருத்தர் தலையிடறதில்ல."

மச்சான் மேசை மேல் குனிந்தார். "ஏங்க, செத்தவங்க எப்படிங்க திருப்தியா இருப்பாங்க?"

"அவங்ககிட்டேருந்து புகார் எதுவும் வரலையே சார்."

கணக்குப்படி அது உண்மை.

"அவ நிஜமா சொன்னது எங்க எழுதி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அது மூல வாசகம் சார். செம்மைப்படுத்தினதும் மூலத்தை அழிச்சிடுவோம். நோயாளியோட அந்தரங்கம் முக்கியமில்லையா? உங்களுக்கு மனக்குறை இருந்தா புகார் அறைக்குப் போகலாம். ஆனா இப்ப விழா ஒத்திகை நடக்குது. இயக்குநர் பேச்சைக் கேட்டுட்டுப் போங்க. கேட்டவங்க பாதிப் பேர் புகாரை மறந்துடுவாங்க."

அரங்கத்தில் மருத்துவர்கள் கைதட்டப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினால் நிறுத்தினார்கள். இயக்குநர் ஒலிவாங்கியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"நண்பர்களே! ரெண்டு வருஷத்துக்கு முன்னால நம்ம திருப்தி நாற்பத்தொரு சதவீதம். நாற்காலி உடைஞ்சிருக்குன்னாங்க, காத்திருந்து கால் வலிக்குதுன்னாங்க, கழிப்பறை நாறுதுன்னாங்க. நாம என்ன செஞ்சோம்? கழிப்பறையைக் கழுவினோமா? இல்ல. அது சாதாரண மனுஷன் யோசனை."

பன்னிரண்டு விநாடி கைதட்டல்.

"ஒரு நாள் ஒரு பெரியவர். புரோபோஃபால் போட்டு ஒரு சின்ன சிகிச்சை. பால் மாதிரி வெள்ளையா இருக்குமே, அந்த மயக்க மருந்து. முடிஞ்சு கண் முழிக்கிறார். மேல இருக்கிற குழல்விளக்கைப் பார்த்து 'என்ன அழகு'ங்கிறார். நர்ஸைப் பார்த்து 'நீங்கல்லாம் நூறு வருஷம் இருக்கணும்'ங்கிறார். அதே ஆள்தான் காலையில என் சட்டையைப் பிடிச்சவர்! அன்னைக்கு, நண்பர்களே, நோயாளி மயக்கத்துல இருந்தப்பதான் நிர்வாகம் முழிச்சுக்கிட்டது. முப்பது நாப்பது விநாடியில வேலை செய்ற மருந்து. உள்ள போறப்ப ஒரு மிதப்பு. வெளிய வர்றப்ப ஒரு மிதப்பு. இந்த ரெண்டு மிதப்பையும் உலகமே வீணாக்கிட்டிருக்கு. நாம மட்டும்தான் அங்க படிவத்தை நீட்டினோம். இன்னைக்கு நம்ம திருப்தி தொண்ணூத்தொன்பது!"

பின்வரிசையில் ஒரு செவிலியர் கையைத் தூக்கினார். "சார், அந்த மருந்து போட்டா இருபத்துநாலு மணி நேரத்துக்கு முக்கியமான காகிதம் எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு நாமதானே எழுதிக் குடுக்கிறோம்?"

"முக்கியமான காகிதத்துலதானே? இது நோயாளியோட கருத்துதானே அம்மா."

செவிலியர் உட்கார்ந்தார். இயக்குநர் தொடர்ந்தார்.

"படிவத்தை யார் எழுதறதுன்னு ஒரு சிக்கல் வந்தது. நானே அறைக்குள்ள போய்ப் பார்த்தேன். குழாய் விடற டாக்டருக்குக் கை நிறைய வேலை. நர்ஸுக்குக் கை நிறைய வேலை. மயக்க டாக்டர் மட்டும் தலைமாட்டுல சும்மா நின்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க. 'என்ன பண்றீங்க'ன்னேன். 'மூச்சைப் பார்க்கிறேன்'னாங்க. மூச்சை என்னங்க பார்க்கிறது? அது தானா வருது, தானா போகுது. இங்க நாம எல்லாரும் விட்டுக்கிட்டுத்தான் இருக்கோம், யாராவது பார்க்கிறோமா? அவங்க கையில பேனாவைக் குடுத்தேன்."

இந்த முறை மேற்பார்வையாளர் கையை உயர்த்த மறந்துபோனார். கைதட்டல் நீண்டது.

"பாதுகாப்பு, பாதுகாப்புன்னு சிலர் பேசுவாங்க. நான் நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன். இந்த ஆஸ்பத்திரியில அந்த மருந்தால ஒருத்தர்கூட இறந்ததில்ல. மூச்சு விடாததாலதான் இறந்திருக்காங்க. மருந்து குடுக்கிறது நம்ம பொறுப்பு. மூச்சு விடறது அவங்க பொறுப்பு. ஒப்புதல் படிவம், ஏழாம் பக்கம்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் தொழிலில் லிஃப்டை ஏற்றிச் சோதிக்கும்போது ஒருவன் மேலே இயந்திர அறையில் சும்மா நின்று கயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனிடம் நாங்கள் பேச மாட்டோம். டீ கூடக் கொடுக்க மாட்டோம். எங்கள் எல்லாரிலும் அவனுக்குத்தான் அதிக வேலை.

புகார் அறை அடித்தளத்தில் இருந்தது. திருப்தி அதிகாரி வாசல்வரை வந்து வழிகாட்டினார்.

"எப்ப சாப்பிட்டீங்க சார்?"

"ஏழு மணிக்கு. ரொட்டி."

"அடடா. அப்ப இன்னைக்குப் புகார் சொல்ல முடியாது. ஆறு மணி நேரம் வெறும் வயிறா இருக்கணும். மதியத்தோட அறையைப் பூட்டிடுவோம்."

"புகார் சொல்லவா?"

"புகாரை மருந்து போட்டுத்தான் எடுப்போம். வயித்துல ஏதாவது இருந்தா வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். பாதுகாப்புல நாங்க விட்டுக்குடுக்கிறதே இல்ல. நாளைக்குக் காலையில வாங்க. துணைக்கு ஆள் வேணும். திரும்பிப் போறப்ப நீங்க வண்டி ஓட்டக் கூடாது. ஆடற பல் ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"புகார்க்காரங்க பல்லு பெரும்பாலும் ஆடும்," என்றார்.

"ஒரு நாளைக்கு எத்தனை புகார் வரும்?" மச்சான் கேட்டார்.

"வர்றது பத்துப் பதினஞ்சு. பதிவானது இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல."

மறுநாள் காலை நான் ரொட்டி சுடவில்லை. மற்றதெல்லாம் அப்படியே.

புகார் அறையில் ஒரு கட்டில், ஒரு ஆக்சிஜன் உருளை, ஒரு மானிட்டர். தலைமாட்டில் மயக்க மருத்துவர் நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டிய பெண். என் கோப்பைப் பிரித்தார். முதல் தாளிலேயே நின்றுவிட்டார்.

"நீங்க அவங்க வீட்டுக்காரரா?"

"ஆமா."

"உங்க புகார் என்ன?"

"அவ கடைசியா என்ன சொன்னான்னு தெரியணும்."

அவர் பதில் சொல்வதற்குள் திருப்தி அதிகாரி கதவருகிலிருந்து தொண்டையைச் செருமினார். கையில் படிவமும் பேனாவும் இருந்தன. "டாக்டர், கேட்கிறதுக்குப் பதில் சொல்றது உங்க பிரிவு இல்ல. மருந்தைப் போடுங்க."

மருத்துவர் என் பக்கம் குனிந்தார். "சின்ன அளவுதான் போடுவேன். முழுக்க நான் இங்கதான் நிப்பேன். வேண்டாம்னா நீங்க இப்பவே எழுந்து போகலாம்."

"போனா?"

"புகார் பதிவாகாது."

"அப்ப போடுங்க."

"வேற யாராவது போட்டா நல்லா இருக்காது," என்று தனக்குள் சொன்னதுபோலச் சொன்னார். மூக்கில் ஆக்சிஜன் குழாயை மாட்டினார். விரலில் கிளிப். புஜத்தில் பட்டை. மானிட்டரின் சத்தத்தைக் கூட்டினார். புதிய மருந்துக் குப்பியை என் கண்முன் உடைத்தார். பால்போலத்தான் இருந்தது.

"சார், கேள்வி ஒன்று," என்று அதிகாரி ஆரம்பித்தார். "வாகன நிறுத்துமிடம் தங்களுக்கு எந்த அளவு..."

"பேனாவை வெளிய கொண்டு போங்க."

"டாக்டர், நடைமுறை..."

"அவர் முழிச்சதும் வாங்க. இப்ப வெளிய."

அவர் போனார். மருந்து ஏறியது. கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை எரிந்தது. நான் எதுவும் சொல்லவில்லை; மருத்துவர் தானாகவே என் கையைப் பிடித்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மேற்கூரை ரொம்ப நல்ல மேற்கூரையாகிவிட்டது. அதைக் கட்டிய கொத்தனாரைக் கூப்பிட்டு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கட்டில் ஒரு லிஃப்டாக மாறியது. கயிறு இல்லை, பொத்தான் இல்லை, மாடி எண் இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக நான் எதையும் சோதிக்கவில்லை. அப்புறம் ஒன்றுமே இல்லை. தூக்கம்கூட இல்லை.

கண் திறந்தபோது கன்னம் வலித்தது. சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் போல. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், உங்க மீசை எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா?"

"இதை நாலாவது தடவை சொல்றீங்க மாப்ளே."

"புகார்?"

"தீர்ந்துடுச்சு. இருபத்திரண்டு கேள்விக்கும் பத்துக்குப் பத்துன்னீங்க. கேடயத்து வாசகம் ரொம்பச் சரின்னு கையெழுத்தும் போட்டுட்டீங்க. அந்த ஆளோட டைக்கு முத்தம் குடுத்தீங்க."

"டைக்கா?"

"'இந்த நீலம் எங்க கிடைக்கும்'னு கெஞ்சினீங்க. அவர் பயந்து ஓடிட்டார். அப்புறம் அந்த குளுக்கோஸ் ஸ்டாண்டைக் கட்டிப்பிடிச்சு, 'உங்களுக்குக் கடைசியா எப்ப சர்வீஸ் பண்ணாங்க'ன்னு விசாரிச்சீங்க. அது பதில் சொல்லலைன்னு கோவிச்சுக்கிட்டீங்க."

சிரித்தேன். ஆறு மாதத்தில் முதல் சிரிப்பு. வயிறு இழுத்துப் பிடித்தது, நிறுத்த முடியவில்லை. மச்சானும் சேர்ந்துகொண்டார். சிரிக்கச் சிரிக்க அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அது சிரிப்பால் வந்த தண்ணீர் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

"ஏன் மச்சான்?"

"டாக்டர் சொன்னாங்க மாப்ளே. அவ என்ன சொன்னான்னு. நீங்க கண்ணைத் திறந்ததும் முதல்ல அதைத்தான் கேட்டீங்க. சொன்னாங்க. கேட்டுட்டு நீங்க கைதட்டினீங்க."

யோசித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் எதுவும் இல்லை.

"எனக்கு ஞாபகமில்ல."

"மருந்து," என்றார் மருத்துவர். இன்னும் அதே தலைமாட்டில்தான் நின்றிருந்தார். "முழிச்சுப் பேசுவீங்க, ஆனா மனசுல நிக்காது. தெளியறதுக்கு முன்னால நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆறு மாசமா யாராவது கேட்க மாட்டாங்களான்னு இருந்தேன். கேட்டதும் அவசரப்பட்டுட்டேன்."

"நான் சொல்றேன் மாப்ளே," என்றார் மச்சான்.

"வேண்டாங்க. அது நான் சொல்ல வேண்டியது," என்றார் மருத்துவர்.

என்னை உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். இன்று என்ன கிழமை என்று கேட்டார். தரை ஓட்டின் கோட்டில் நேராக நடக்கச் சொன்னார். கால் மணி நேரம் கழித்து மறுபடி கிழமை கேட்டார், மறுபடி நடக்கச் சொன்னார். மச்சானின் மீசை மெல்ல மெல்லப் பழைய மீசையானது. அதன் பிறகு மச்சானிடம் பேனா வாங்கி, என்னை வீட்டுக்கு அனுப்பும் தாளில் எழுதினார்: 'இன்று காலை பத்து மணி முதல் நாளை காலை பத்து மணிவரை இவர் இட்ட கையெழுத்து எதுவும் செல்லாது.' முத்திரை வைத்தார்.

"இது அவங்க போட்ட விதிதான். நாளைக்குப் பத்து மணிக்கு மேல வந்து வாசகத்தை உங்க கையால எழுதிக் குடுங்க. சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்."

"உங்க வேலை என்னாகும்?"

"இதுக்குக் கீழ மாடி இல்லீங்க."

பேனாவை மச்சானிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார்.

"மருந்தை ஏத்திக்கிட்டே முதல் கேள்வி கேட்டேன். 'எங்க சேவைக்குப் பத்துக்கு எத்தனை குடுப்பீங்க?' அவங்க பதில் சொன்னாங்க. சொல்லி முடிச்சுக் கண்ணை மூடிட்டாங்க. நோயாளி தூங்கிட்டா மீதி இருபத்தொரு கேள்விக்கும் அதே மதிப்பெண்ணை நாங்களே போடணும். எண்ணாலும் எழுத்தாலும். குனிஞ்சு எழுதினேன். மானிட்டர் சத்தம் பதிலுக்கு இடைஞ்சலா இருக்குன்னு குறைச்சு வைக்கச் சொல்லி நிர்வாகம் உத்தரவு போட்டிருந்தது. நாற்காலி, பத்து. கழிப்பறை, பத்து. வாகன நிறுத்துமிடம், பத்து. நிமிர்ந்தப்ப உதடு நீலமாயிருந்தது. அந்த மருந்துல மூச்சு நிக்கிறது புதுசு இல்ல. உடனே பார்த்தா, தாடையைத் தூக்கி, முகமூடியை வச்சுக் காத்தை அழுத்தினா போதும். நான் உடனே பார்க்கல. ஒரு அடி தூரத்துலதான் நின்னேன். முடியாதுன்னு அந்தப் பேனாவை முதல் நாளே வீசியிருக்கணும். இதை அப்படியே எழுதிக் குடுத்தேன். அதையும் செம்மைப்படுத்திட்டாங்க."

மச்சான் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"அவ என்ன சொன்னா?" என்று மறுபடி கேட்டேன்.

மருத்துவர் என்னை நேராகப் பார்த்தார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"பத்துன்னே போட்டுக்குங்க டாக்டர், பத்துக்கு மேல ஏதாவது இருந்தாலும் போட்டுக்குங்க. அந்தப் பேனாவைக் கீழ வச்சுட்டு என் கையைக் கொஞ்சம் பிடிங்க, எரியுது."